பிரகாசி வீட்டுக் கேன் தண்ணீர்

அரசலாறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், காரைக்காலின் பழைய சுங்கத் தெருவில், பிரகாசியின் வீட்டிலிருந்த இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஃபிரெஞ்சு ஒயினாக ருசிக்கத் தொடங்கியது ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அது அந்த நேரத்தில்தான் தொடங்கியதா, முன்பே தொடங்கி யாரும் கவனிக்காமல் விட்டார்களா என்பதில் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு, ஏனென்றால் அந்தத் தண்ணீரை அதிகம் குடித்தவள் பிரகாசி, அவள் வாய்க்கு மட்டும் அது கடைசிவரை வெறும் தண்ணீராகவே இருந்தது.

முதலில் சொன்னவள் எதிர்வீட்டுக் கனகவல்லி. ஜாக்கெட் தைக்கிறவள். பிரகாசியின் மகள் செலினுக்குக் கல்யாண ஜாக்கெட் அளவெடுக்க வந்தவள், வெயிலுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், பாதியில் நிறுத்தித் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, தண்ணியில நாவப்பழம் கசக்கி வெச்சிருக்கியா?”

“காலையில போட்ட கேன்டி அது.”

“நாக்கை இழுக்குதுக்கா. கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி துவர்ப்பு. கடைசியில லேசா மிளகு.”

பிரகாசி மிச்சத்தை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். தண்ணீர். செலின் ஒரு வாய் குடித்தாள்.

“அம்மா, இது ஒயின்மா.”

“உனக்கெப்படிடி தெரியும்?”

செலின் அளவு நாடாவை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூன்று பேருமாக, இந்த மாதிரி விஷயத்தில் தெருவுக்கு ஒரே அதிகாரியான சொல்தா பெனுவாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். பெனுவா ஃபிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம், ஜிபூத்தியிலும் மெட்ஸிலுமாக இருந்துவிட்டு வந்தவர். எண்பது வயதுக்கு மேலும் தினமும் சவரம் செய்துகொள்பவர். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தார், ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் உருட்டி விழுங்கினார், நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“பூர்கோஞ் ஒயின்” என்றார். “மெட்ஸ்ல எங்க கப்பித்தேன் ரிடையர் ஆன அன்னிக்குக் குடிச்சது. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்.”

பக்கத்து ஜில்லாக்காரர்கள் எல்லை தாண்டிக் குடிக்க வருகிற ஊர் அது. அங்கே ஒயின் கிடைப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, கிடைத்த விதத்தில்தான் கொஞ்சம் குழப்பம். மறுநாள் அதே கேனில் ருசி வேறாக இருந்தது. அதற்கு மறுநாள் வேறு. கேனைக் கனகவல்லி வீட்டுக்குத் தூக்கிப்போய் வைத்தால் தண்ணீர், திருப்பிக் கொண்டுவந்து பிரகாசி வீட்டு ஜன்னலோரம் இருக்கிற ஸ்டாண்டில் கவிழ்த்தால் ஒயின். கேன் போடுகிறவர் தன் கம்பெனிப் பெயர் கெட்டுப்போகும் என்று சண்டைக்கு வந்து, நாலு தம்ளர் குடித்துவிட்டு, சண்டையை மறந்து போனார். கலால் துறையிலிருந்து ஒருவர் வந்து சாராயம் அளக்கிற கண்ணாடி மானியை மிதக்கவிட்டுப் பார்த்தார், அது தண்ணீர் என்றது. அவர் நாக்கு அது இல்லை என்றது. எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிக்கொண்டு போனார். தெருமுனைக் குடிகாரர் ஒருவர் பன்னிரண்டு தம்ளர் குடித்துப் பார்த்து, போதை என்று ஒன்றும் ஏறவில்லை, நாலு தடவை வெளியே போய் வந்ததுதான் மிச்சம் என்று திட்டினார். அதன் பிறகு அந்தத் தண்ணீர் ருசிக்கு மட்டுமே என்பது தெருவில் முடிவாகி, சாயங்காலம் நாலு மணிக்கு அவரவர் தம்ளரோடு வருவது, ஆளுக்கு ஒரு வாய், முறுக்குக் கடித்துக்கொண்டு குடிக்கக் கூடாது என்கிற ஒழுங்குகளும் தானாக ஏற்பட்டுவிட்டன.

சவரிநாதன் பெயர் அடிபட்டது நான்காம் நாள். அன்றைக்கு வந்தது ஷாம்பெய்ன். தம்ளரில் ஒரு குமிழி இல்லை, ஆனால் வாய்க்குள் போனதும் நுரைத்து மூக்கில் ஏறியது. குடித்தவர்கள் எல்லாரும் தும்மினார்கள், பிரகாசி மட்டும் குடித்துவிட்டுச் சும்மா நின்றாள்.

“கோலி சோடாவுல பச்சை ஆப்பிளை நறுக்கிப் போட்ட மாதிரி” என்றாள் செலின்.

“ஆப்பிளும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் கனகவல்லி. “புதுசா சுண்ணாம்பு அடிச்ச சுவத்தை நக்கின மாதிரி இருக்கு. அப்புறம் ஒரு எண்ணெய் வாசம். கரிசலாங்கண்ணி எண்ணெய்.”

பிரகாசி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஃபிரான்ஸுக்குப் போன அவள் புருஷன் சவரிநாதன், ரேன்ஸ் என்கிற ஊரில், சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செய்த பாதாள அறையில், தலைகீழாகச் சாய்த்து அடுக்கிய ஷாம்பெய்ன் பாட்டில்களைத் தினமும் கால் வட்டம் திருப்பி வைக்கும் வேலையில் இருந்தான். அப்படித்தான் போனில் சொல்லியிருந்தான். போகும்போது அவன் பெட்டியில் அவள் வைத்தனுப்பியது மூன்று புட்டி கரிசலாங்கண்ணி எண்ணெய், அவனுக்கு முடி கொட்டுமே என்று. இது எதுவும் கனகவல்லிக்குத் தெரியாது, அவள் இந்தத் தெருவுக்கு வந்தே ஐந்து வருஷம்தான் ஆகிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்த போன் நின்று நாலு வருஷமாயிற்று. அந்த நம்பரைக் கூப்பிட்டால் ஒரு பெண் ஃபிரெஞ்சில் ஏதோ சொல்வாள், அந்த நம்பர் இப்போது யாருக்கும் இல்லை என்று சொல்கிறாள் என பெனுவா பெயர்த்துச் சொல்லியிருந்தார்.

“அவன் அங்க குடிக்கிறது இங்க வருது” என்றார் பெனுவா, அரிசி விலை சொல்வது போல.

அப்படித்தான் என்று தெரு ஏற்றுக்கொண்டது. வேறு எப்படி ஏற்றுக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

பிரகாசிக்கு அது வேறு விதத்தில் முக்கியமாக இருந்தது. மே மாதக் கடைசியில் செலினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர், ரஃபேல். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. பங்குச் சாமியார் அருளப்பன் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டிருந்தார்: பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா, வேண்டாமா?

“இருக்கிறவரைச் செத்தவர்னு பீடத்துல நின்னு வாசிக்க முடியாதும்மா. செத்தவரை இருக்கிறவராக்கவும் முடியாது. ரெண்டும் பொய். நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க.”

நாலு வருஷமாக அவள் விசாரித்ததில் வராத பதில், இப்போது அவள் வீட்டு ஜன்னலோரம் குழாய் வைத்துச் சொட்டிக்கொண்டிருந்தது, அதுவும் அவள் ஒருத்தியைத் தவிர எல்லார் நாக்கிலும். அந்த ஒரு சொல்லைப் பொறுத்து, கல்யாணத்தன்று அவள் மகளோடு முன்வரிசையில் நிற்பாளா, சுவரோரம் நிற்பாளா, கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவாளா, எந்தப் புடவை எடுப்பாள் என்பதெல்லாம் இருந்தது. எனவே தினமும் நாலு மணிக்கு அவள் ஒரு முழுநீள நோட்டுடன் உட்கார்ந்து, யார் என்ன ருசித்தார்கள் என்று எழுதிக்கொண்டாள். வெந்தயக் களி, ஈரச் சாக்கு, முற்றாத மாங்கொட்டை, தேன், ஆனால் தேனடையோடு, மழைக்கு முந்தின மண், புது பெல்ட். ஒரே தம்ளரில் ஒருவர் ரோஜா என்றார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார், இரண்டும் சரிதான், அல்சாஸில் அப்படி ஒரு ஒயின் உண்டு என்றார் பெனுவா. எழுத எழுத அவளுக்குத் தன் புருஷன் முகம் மறந்துகொண்டே போனது.

முதல் ஞாயிறு வருவதற்குள் கிடைத்த ருசிகள் எல்லாம் நல்லவையாக இருந்தன. பலாச்சுளை, பிஸ்கட், எலுமிச்சைத் தோல். குடிக்கிறவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்று தெரு சொன்னது. சாமியார் ‘காலஞ்சென்ற’ இல்லாமல் வாசித்தார். பிரகாசி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து ருசி மாறியது. ஊறின இலை என்றாள் செலின். காளான் என்றார் கேன் போடுகிறவர். புதன்கிழமை கனகவல்லி ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“சொல்லுடி.”

“மெழுகுவத்தி அணைச்ச வாசம்க்கா. அப்புறம் வாடின பூ. அப்புறம்… ஈர மண்ணு. தோண்டின மண்ணு.”

பெனுவா அது பழைய பொர்தோ, முப்பது வருஷம் படுத்த ஒயின் எல்லாம் அப்படித்தான் ருசிக்கும், சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சத்தம் போட்டார். யாரும் கேட்கவில்லை. மெழுகுவத்தி, பூ, தோண்டின மண் என்ற மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு வேறொன்றை நினைக்கக்கூடிய ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். இரண்டாம் ஞாயிறு சாமியார், தெரு போய்ச் சொன்னதை வைத்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, காலஞ்சென்ற சவரிநாதன் என்று வாசித்தார். பூசை முடிந்ததும் பெண்கள் பிரகாசி வீட்டுக்கு வந்து அழுதார்கள். ஒருத்தி வெள்ளைப் புடவை கொண்டுவந்தாள். இன்னொருத்தி, செத்தவர் எப்படிக் குடிப்பார், அப்படியானால் இந்த வாரம் வந்ததை யார் குடித்தது என்று கேட்டு, மற்றவர்களால் அடக்கப்பட்டாள். பிரகாசி புடவையை வாங்கி மடித்து மேஜைமேல் வைத்தாள். அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை வந்தது ஷாம்பெய்ன். அதுவரை வந்ததிலேயே பொல்லாத ஷாம்பெய்ன்; குடித்தவர்களுக்குக் காதுக்குள்ளும் நுரைத்தது, முந்தின நாள் ஒப்பாரி வைத்த கிழவிகூட விக்கி விக்கிச் சிரித்தாள். சவரிநாதன் உயிரோடு இருக்கிறான், அதுவும் எதையோ கொண்டாடுகிறான்.

“இப்ப என்ன பண்றது?” என்று சாமியார் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார். கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் ஒயின் ஆனபோது அதைக் குடித்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றுதான் வேதத்தில் இருக்கிறது, இங்கே எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரிகிறது, மற்றது ஒன்றும் தெரியவில்லை என்றார். “ஒரு ஞாயிறு இருக்கார்னு வாசிச்சேன், ஒரு ஞாயிறு இல்லேன்னு வாசிச்சேன். மிச்சம் இருக்கிறது ஒரே ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கம்மா.”

வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலிருந்து சம்மந்தியம்மாள் மதலேன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ரஃபேலின் தாய், கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிரெஞ்சுச் சமையல் செய்கிறவள், குண்டான உடம்பு, கையில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள். இரண்டு ஞாயிற்றுக்கும் இரண்டு விதமாக ஓலை வாசித்தது அவள் காதுக்கும் போயிருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்ல சம்மந்தி. என் புருஷன் செத்து ஒம்பது வருஷம், பத்திரிகையில அப்படியே போட்டாச்சு. உங்க பக்கம் என்ன போடறதுன்னு பிரஸ்ல கேக்கறாங்க. எங்க அந்தத் தண்ணி?”

நாலு மணி ஆகவில்லை, இருந்தாலும் தெரு கூடிவிட்டது. மதலேன் தம்ளர் வாங்கவில்லை. ஒரு கரண்டி கேட்டு வாங்கி, அதில் பிடித்து, சாம்பாரில் உப்புப் பார்ப்பது போல உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். பிறகு இன்னொரு சொட்டு. பிறகு கரண்டியோடு குடித்தாள்.

“வெள்ளை ஒயின்” என்றார் பெனுவா. “லுவார் பக்கம்.”

“ஒயினை விடுங்க முசே. ஒயின் குடிக்கிறதுக்கு முந்தி வாயில என்ன இருந்துச்சுன்னு பாருங்க.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “வெங்காயம். வெண்ணெயில வதக்கினது, அடுப்பைக் குறைச்சு வெச்சு, அவசரமே இல்லாம. ஓட்டல்ல அப்படி வதக்க நேரம் கிடையாது. இது வீடு. உப்பு ஒரு கல்லு கம்மி, ஆளுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும், பாத்துப் பாத்துப் போட்டிருக்கா. கடைசியில கொஞ்சம் சீரகம் தூவியிருக்கு. வெள்ளைக்காரி இதுக்குச் சீரகம் போட மாட்டா. அவனுக்குப் பிடிக்கும்னு தெரிஞ்சு, எங்கயோ தேடி வாங்கிப் போட்டிருக்கா.”

கண்ணைத் திறந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே விளங்கியது. கரண்டியைக் கழுவப் போகிறவள் போல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தெரு அதுவரை இரண்டு பதில்களுக்குத்தான் தயாராக இருந்தது. இரண்டில் எது என்று பந்தயம்கூடக் கட்டியிருந்தார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதும், அதற்கு ஓலையில் என்ன போடுவது என்பதும் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. பிறகு, மூன்று வாரமாக சவரிநாதன் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஜெபித்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக அவனைச் சாகடிக்கத் தொடங்கினார்கள்.

“காலஞ்சென்றன்னு போட்டுடுக்கா” என்றாள் கனகவல்லி. “அதான் மரியாதை.”

“போன வாரமே அழுதாச்சு” என்றாள் வெள்ளைப் புடவை கொண்டுவந்தவள். “அழுதது அழுததாவே இருக்கட்டும்.”

“சாவு ஒயின் அன்னிக்கே வந்துருச்சு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் கணக்குல சேராது” என்றார் கேன் போடுகிறவர்.

பெனுவா மட்டும், ஒரு நாக்கை வைத்து ஒரு மனுஷனை விதவைக்காரி ஆக்கவும் முடியாது, வேலிதாண்டி ஆக்கவும் முடியாது, சீரகம் என்பது அந்த ஒயினிலேயே சில வருஷத்தில் வரும் என்று வாதாடினார். தான் சொன்னது தனக்கே குழம்பிவிட, தொப்பியைத் தேடினார்.

செலின் தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, உனக்கு என்னம்மா தோணுது?”

“எனக்குத் தண்ணிதான்டி வருது” என்றாள் பிரகாசி.

அன்றிரவு என்ன யோசித்தாள் என்பது யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை காலை அந்தக் கேனில் இருந்த தண்ணீரை எடுத்துத்தான் அவள் அரிசி களைந்தாள், உலை வைத்தாள், துணிக்கு நீலம் போட்டாள். நாலு மணிக்கு வந்தவர்கள் கேன் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தம்ளர்களோடு திரும்பினார்கள். ஐந்து மணிக்கு அவள் சாமியார் பங்களாவுக்குப் போனாள். அருளப்பன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“காலஞ்சென்றன்னு போட்டுடலாமாம்மா? எல்லாரும் அதான் சொல்றாங்க.”

“வேணாம் சாமி.”

“சரி. அப்ப வெறும் பேரு மட்டும்.”

“வெறும் பேரும் வேணாம். உயிரோடிருக்கும்னு போடுங்க.”

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். “அப்படி யாரும் போடறதில்லையே. ஒண்ணும் போடலேன்னாலே இருக்கார்னுதானே அர்த்தம்.”

“முதல் ஞாயிறு ஒண்ணும் போடாமத்தான் வாசிச்சீங்க. அடுத்த ஞாயிறே கொன்னுட்டாங்க. இது போட்டா கொல்ல முடியாது.”

“உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“எதுவும் தெரியாது சாமி. வெங்காயம் இருக்கா, சீரகம் இருக்கா, ஒருத்தி இருக்காளா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா செத்துட்டார்னு எழுதினா என்னாகும்? வருஷா வருஷம் பூசை வைக்கணும். மெழுகுவத்தி ஏத்தணும். நல்லவர்னு சொல்லணும். ஆண்டவர்கிட்ட போயிட்டார், அவர் பாத்துக்குவார்னு விட்டுடணும்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அந்த ஆளு இருக்கட்டும். இருந்தாத்தானே எனக்குப் பதில் சொல்லணும்.”

பதினொரு வருஷமாக இந்தப் பெண் தன் புருஷனை ‘அவரு’ என்று சொல்லித்தான் சாமியார் கேட்டிருக்கிறார். எழுதினார். எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார், அது தப்பாக இருப்பது போலவும் இருந்தது, எங்கே தப்பு என்று சுட்டிக்காட்ட முடியாமலும் இருந்தது.

ஞாயிறு காலை இரண்டாம் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. கனகவல்லி கோயிலுக்குப் போகிறவள் இல்லை என்றாலும் அன்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். வெள்ளைப் புடவை கொண்டுவந்தவள் வந்திருந்தாள், கலால் துறைக்காரர்கூட வந்திருந்தார். பிரகாசி கிளிப்பச்சைப் புடவை உடுத்தி, செலினோடு முன்வரிசையில் இருந்தாள். பிரசங்கம் முடிந்து, நோயாளிகள் பெயர் வாசித்து, சாமியார் மைக்கைச் சரி செய்துகொண்டு ஓலையை எடுத்தார்.

“புதுச்சேரி, காலஞ்சென்ற அந்தோணி, மதலேன் இவர்களின் மகன் ரஃபேல் என்பவருக்கும், காரைக்கால் பழைய சுங்கத் தெரு, உயிரோடிருக்கும் சவரிநாதன், பிரகாசி இவர்களின் மகள் செலின் என்பவருக்கும்…”

அந்தச் சொல்லை ஓலையில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. குழந்தைகள், பெரியவர்கள், பாட்டுக் குழு, தொப்பியைக் கையில் பிடித்திருந்த பெனுவா, பீடத்துப் படியில் மணியோடு முழங்காலிட்டிருந்தவர்கள் என்று கோயிலில் இருந்த அத்தனை பேரும், யாரோ உள்ளே வந்துவிட்டது போல, ஒரே நேரத்தில் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். செலினும் திரும்பினாள். வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பிரகாசி ஒருத்திதான் திரும்பவில்லை.